கோரிஸ் வாத்தியாரின் குடிசை

யூலியானாவுக்கு அப்பாவின் கோபத்தில் பயமில்லை. கோபம் வந்தால் அலோசியஸ் வாயை மூடிக்கொள்வார். அது வீட்டுக்கு நல்லது. அவர் மகிழ்ச்சியாகத் தொண்டையைச் செருமும்போதுதான் அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். அந்தச் செருமலுக்குப் பிறகு வருவது பேச்சாக இராது. உரையாக இருக்கும்.

அன்று ஞாயிறு பூசை முடிந்து வந்ததிலிருந்து அவர் மூன்று தரம் செருமிவிட்டார். வெயில் இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோ வீதி வீட்டின் தகரப் பலகணியை வாட்டிக்கொண்டிருக்க, கோட்டைக் கழற்றாமல் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். கிழமை நாட்களில் லிபெர்த்தா வீதியிலுள்ள மாடிக் கட்டடமொன்றில் அவர் போர்த்தியேரே. வாசலைப் பார்ப்பார், படிக்கட்டுக் கழுவுவார், குடியிருப்பாளர்களின் கடிதங்களைப் பிரிப்பார். நேர்மையான வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பலெர்மோ தமிழர் கலை பண்பாட்டு விழுமிய மேம்பாட்டு ஒன்றியத்தின் தலைவர். ஒன்றியத்தின் பெயரை ஒரு மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் அதன் உறுப்பினர் எல்லோரோடும் கைகுலுக்கிவிடலாம்.

"ஒருக்காத்தான் கதைப்பன்," என்றார். "மரியாதையான குடும்பமெண்டால் ஓம். இல்லையெண்டால் பின்னேரமே ரொறன்ரோவுக்கு அடிச்சு, றெஜி மாப்பிள்ளையின்ரை தாய் தகப்பனிட்டை ஓமெண்டிடுவன்."

"அவர் என்ன மாட்டுச் சந்தைக்கோ போறார்?" என்று அம்மா சறோஜா குசினிக்குள் இருந்து கேட்டாள். அது விடையை எதிர்பார்த்த கேள்வியல்ல. ஆனால் அலோசியஸ் எந்தக் கேள்வியையும் விடையின்றி விட்டவரல்லர்.

"இது சந்தையில்லை, சறோஜா. இது ரெண்டு பண்பாடுகளின்ரை சங்கமம்."

யூலியானா கைபேசியைச் சோற்றுப் பானையில் சாய்த்து வைத்தாள். அது இரண்டு தரம் சரிந்து விழுந்தது.

கைபேசிக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், வென்சியின் மாமன் கோரிஸ் காத்திருந்தார். வென்சி உல்லாசக் கப்பலொன்றின் சமையற்கட்டில் வேலை செய்பவன். கப்பல் பலெர்மோவில் நிற்கும் நாட்களில் துறைமுகத்துக்குக் கிட்டிய கோயிலில் பூசைக்கு வருவான். அப்படித்தான் யூலியானாவைக் கண்டான். இரண்டு வருடங்களாகக் கடற்கரையில் நடந்து நடந்து அவள் அவனிடம் இந்தோனேசிய மொழி பழகியிருந்தாள். அவன் தாய்க்குத் தம்பியின் வாக்குத்தான் வேதம். பெண் வீட்டில் மனமார ஓமென்று சொல்லாவிட்டால் கோரிஸ் தன் மருமகனை விடமாட்டார். ஆகவே இரண்டு கிழவர்களும் ஓமென்று சொல்லவேண்டும். அவர்களுக்குப் பொதுவான மொழி கிடையாது. நடுவில் யூலியானா.

அவளை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது வென்சி போன கிழமை சொன்ன விடயம்.

"மாமா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் மொழிப் பாடம் எடுத்தவர்," என்றிருந்தான். "மாஜாஸ் பெனெகாசான் படிப்பித்தே எங்களை வதைத்தவர்."

அழுத்திச் சொல்வதற்கான அணிகள். இந்தோனேசியப் பிள்ளைகள் அவற்றைப் பரீட்சைக்குப் பாடமாக்குவார்கள். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுத்துவது ஒன்று. படிப்படியாக ஏற்றுவது ஒன்று, படிப்படியாக இறக்குவது இன்னொன்று. விடை வேண்டாத கேள்வி கேட்பது. வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிவிட்டு உடனே திருத்துவது. தேவையில்லாத சொல்லைச் சேர்ப்பதும் அணிதானாம். 'என் தலையிலுள்ள கண்ணால் கண்டேன்' என்பார்களாம். வேறெங்கே கண் இருக்கிறது என்று வென்சி சிறுவயதில் கேட்டதற்குக் கோரிஸ் வாத்தியார் அடிமட்டத்தால் விடை சொல்லியிருக்கிறார். யூலியானா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "என்ரை ரெண்டு கண்ணாலையும் நேரை பாத்தனான்" என்று அப்பா சொல்வது நினைவுக்கு வர, சிரிப்பு நின்றது.

"ஒன்றைக் கவனி," என்று வென்சி சொல்லியிருந்தான். "மாமா எங்களைத் தாழ்த்தித்தான் பேசுவார். வீட்டைக் குடிசை என்பார். என்னை மடையன் என்பார். எவ்வளவு தாழ்த்துகிறாரோ அவ்வளவு உங்களை மதிக்கிறார். உன் அப்பாவும் அதுபோலத் தாழ்த்திப் பேசுவார்தானே?"

அந்த இடத்திலிருந்துதான் பயம் தொடங்கியது. அப்பா தன்னைத் தாழ்த்திப் பேசி அவள் அறியாள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட அவர் தாழ்த்தியிருப்பாரா என்பது சந்தேகம்.

திரை விழித்தது. மெல்லிய, வற்றிய முகம், மூக்குக் கண்ணாடி, தோளில் கைத்தறிச் சால்வை. கோரிஸ் வாத்தியார் கைகூப்பிவிட்டு ஆரம்பித்தார்.

"நாங்கள் யார்? எங்களிடம் என்ன இருக்கிறது? நாங்கள் தெருப் புழுதி. எங்கள் வீடு ஒரு குடிசை."

பயத்தில் மூளை வேலை செய்யவில்லை. யூலியானா சொல்லுக்குச் சொல் அப்படியே தமிழில் சொல்லிவிட்டாள்.

அலோசியஸின் புருவம் மேலே போயிற்று. "குடிசையோ?" என்று குசினிப் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார். அவருடைய மெல்லிய குரல் மூன்றாம் மாடிவரை கேட்கும். "சறோஜா, குடிசையாம்!"

பிறகு பெருந்தன்மையாகத் திரையைப் பார்த்துச் செருமினார். "நாங்கள் ஆரெண்டால், மன்னாரிலை எங்கடை பேரைச் சொன்னால் கடலும் ஒருக்கா எழும்பி நிண்டு பிறகுதான் கரைக்கு வரும். பலெர்மோவிலை என்னைத் தெரியாத கல்லில்லை, கட்டடமில்லை. நான் தலைவர். தலைவருக்கெல்லாம் தலைவர். சொல்லு பிள்ளை."

அவள் சொன்னாள். அதையும் அப்படியே. சொல்லி முடிக்கும் முன்பே கோரிஸின் முகம் மூடிக்கொண்டதைக் கண்டாள். கடை பூட்டும்போது பலகைகள் ஒவ்வொன்றாய் விழுவது போலிருந்தது. அவர் பக்கத்தில் இருந்த யாரிடமோ ஏதோ முணுமுணுத்தார். அவளுக்கு விளங்கிற்று: மாப்பிள்ளை வீடு கொடுக்கவேண்டிய பெண்விலையைத் தகப்பன் ஏற்றுகிறார்.

இரண்டு முகங்கள். ஒன்று குடிசையைப் பார்க்கிறது. மற்றது விலையைப் பார்க்கிறது. இன்னும் ஒரே ஒரு வசனம் போதும், பின்னேரமே ரொறன்ரோவுக்கு அழைப்புப் போய்விடும். அவளுக்குக் காது இரைந்தது.

"என்னவாம்?" என்றார் அலோசியஸ்.

"அப்பா…" என்றாள். "அவர் இன்னும் முடிக்கேல்லை. அங்கை ஒரு அணி இருக்கு. முதல்லை பிழையாய்ச் சொல்லிப்போட்டுப் பிறகு திருத்துவினம். அப்பதான் அழுத்தம் வருமாம். குடிசை எண்டார்… இல்லையில்லை, மாளிகை எண்டு திருத்துறார்."

தனக்குத் தெரியாத அணி ஒன்று உலகில் உண்டு என்று அலோசியஸ் ஒப்புக்கொள்வாரா? "தெரியும், தெரியும்," என்றார் உடனே. "தமிழிலை இது எப்பவோ இருக்கு. அவை எங்களிட்டைதான் எடுத்திருப்பினம்."

யூலியானா மறுபக்கம் திரும்பினாள். இந்தோனேசிய மொழியில், தலை குனிந்து சொன்னாள்: "ஐயா, அப்பா பிழையாகச் சொல்லித் திருத்துகிறார். தலைவர் என்றார்… இல்லை, நான் வாசலில் நிற்பவன், படி கழுவுபவன், உங்கள் கால் தூசு என்கிறார்."

பலகைகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. கோரிஸ் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்தும் அணியை இவ்வளவு துணிவாகக் கையாளும் ஒருவரை அவர் தன் முப்பது வருட வகுப்பறையில் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. நிற்கப் பயம். கோரிஸ் தன் மருமகனை மடையன், சோம்பேறி, உருளைக்கிழங்கு உரிக்க மட்டும் தெரிந்தவன் என்று படிப்படியாக இறக்கினார். யூலியானாவின் தமிழில் அவன் கெட்டிக்காரன், உழைப்பாளி, கப்பலின் சமையலுக்கே அதிபதி என்று ஏறினான். அலோசியஸ் முந்நூறு பனை, நான்கு வள்ளம், ஆயர் வந்து கைநனைத்த வீடு என்று ஏறினார். அது அந்தப் பக்கத்தில் ஒரு பனை, ஓட்டை வள்ளம், யாரும் எட்டிப்பாராத வீடு என்று இறங்கியது. அரைமணித்தியாலம். முடிந்தபோது இரண்டு பெரியவர்களும் கண்கலங்கிக் கைகூப்பினார்கள்.

"என்ன மனிசன்!" என்றார் அலோசியஸ். "பெருமையை ஒளிக்கத் தெரியாத வெள்ளை மனசு. ஓம் பிள்ளை. எனக்கு ஓம்."

யூலியானா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, வாந்தி எடுத்தாள்.

ஓமென்று சொன்ன அலோசியஸ் அதோடு விட்டிருந்தால் பயம் ஆறியிருக்கும். ஆனால் மாளிகை என்பது அவருடைய வாயில் வைத்திருக்கக்கூடிய பொருளல்ல. முதல் ஞாயிறு பங்கு மண்டபத்தில் அது கடற்கரை மாளிகையாக இருந்தது. பலெர்மோவின் பாதுகாவலியான சாந்தா றொசாலியாவின் மலைக்கு எல்லோரும் நடந்து ஏறிய நாளில், பாதி வழியில் அதற்குத் தோட்டம் முளைத்தது. மேலே கோயில் வாசலை அடைந்தபோது அரண்மனையாகிவிட்டது. இறங்கும்போது எதுவும் இறங்கவில்லை.

"யானை கட்டுறவையோ?" என்று ஒன்றியத்தின் பொருளாளர் றோபேட் கேட்டார். அவர் அலோசியஸை நம்பாத அளவுக்கு அவரோடு பழகியவர்.

"அங்கை அவை யானையைக் கட்டுறேல்லை," என்றார் அலோசியஸ். "அவிட்டுத்தான் விடுறவை."

யூலியானா மாதாவின் பீடத்துக்கு முன் முழந்தாளிட்டிருந்தவள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கப்பல் நாப்போலியில் நின்றபோது வென்சி அழைத்தான். அவன் குரலும் சரியாக இல்லை. "நீ மாமாவிடம் என்ன சொன்னாய்? ஊர் முழுக்க உன் அப்பாவைப் பற்றித்தான் பேச்சு. எவ்வளவு ஏழை, எவ்வளவு பணிவு என்று கோயிலிலேயே சொல்லியிருக்கிறார். வீடு வீடாகப் போய் உங்களுக்கு உடுப்புச் சேர்த்திருக்கிறார்."

"என்ன உடுப்பு?"

"பழைய உடுப்பு. தோய்த்து, மினுக்கி… பெட்டியில். யூலி, மாமா உரோமைக்குத் திருயாத்திரை வருகிறார். அங்கிருந்து ரயிலில் பலெர்மோ. பெட்டியோடு."

அவள் கைபேசியைப் பிடித்தபடி நடைபாதையிலேயே குந்திவிட்டாள். கடந்துபோன கிழவி ஒருத்தி, பிள்ளைக்கு வெயில் பிடித்துவிட்டதென்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

அவர் வரும் நாளில் அலோசியஸ் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் ஒன்றியத்தையே இறக்கியிருந்தார். பொன்னாடை ஒன்று, மாலை இரண்டு, 'வருக வருக வருகவே' என்ற பதாகை, கையடக்க ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். ரயில்வேப் பொலிஸ்காரர் ஒருவர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தரம் வந்தவருக்கு அலோசியஸ் ஒன்றியத்தின் முழுப் பெயரையும் இத்தாலிய மொழியில் விளக்கத் தொடங்க, அவர் திரும்பி வரவேயில்லை.

"கை ஏன் இப்பிடிக் குளிருது?" என்றாள் சறோஜா.

"ஒண்டுமில்லை அம்மா."

"ஒண்டுமில்லாததுக்கு ஆவணி மாசத்திலை ஆருக்கும் கை குளிருமோ?"

யூலியானா தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். ரயில் நின்றது. சக்கரப் பெட்டிகளை இழுத்தபடி சனம் வடிந்தது. வடிந்து முடிந்த மேடையில், கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு மெலிந்த மனிதர் இறங்கினார். காலில் இறப்பர்ச் செருப்பு. நைலோன் கயிற்றால் நாலு பக்கமும் வரிந்து கட்டிய அட்டைப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

நாதஸ்வரம் மட்டும் தொடர்ந்தது.

அலோசியஸ் செருப்பைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கோரிஸ் அலோசியஸின் கோட்டைப் பார்த்தார், கழுத்துப் பட்டியைப் பார்த்தார், பதாகையைப் பார்த்தார். றோபேட் மெல்லத் தொண்டையைச் செருமி, "தலைவர், யானை பின்னாலை வருதோ?" என்றார்.

அந்த ஒரு வசனம்தான் அலோசியஸை நிமிர்த்தியது. றோபேட்டுக்கு முன்னால் குனிவதைவிட அவர் தண்டவாளத்தில் குதித்திருப்பார்.

"பாத்தீங்களோ!" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அரண்மனையிலை பிறந்தவன் செருப்போடை வருவான். குடிசையிலை பிறந்தவன்தான் சப்பாத்துத் தேடுவான். எளிமை! எளிமையிலும் எளிமை!"

அதேநேரம் கோரிஸ் வாத்தியாரின் கண்கள் நிறைந்துவிட்டன. தன்னை வரவேற்பதற்காக இந்த ஏழை மனிதர் யாரிடமோ கோட்டை இரவல் வாங்கி வந்திருக்கிறார் என்று அவர் யூலியானாவிடம் தழுதழுத்தார். அவள் தலையை ஆட்டினாள். அது ஓமா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

பிறகுதான் அவள் பயந்த கணம் வந்தது. அலோசியஸ் கையைக் காட்டி அவளை ஒதுக்கினார். "பிள்ளை, நீ கொஞ்சம் தள்ளி நில். நாங்கள் ரெண்டு படிச்ச ஆக்கள். இங்கிலிசிலை கதைச்சுக்கொள்ளுறம்."

"அப்பா, வேண்டாம் அப்பா. நான் சொல்லுறன்…"

"தள்ளி நில்லெண்டன்!"

அவள் தள்ளி நின்றாள். தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"யுவர் ஹவுஸ்," என்றார் அலோசியஸ், மேடை முழுவதும் கேட்க. "பிக்?"

கோரிஸ் வாத்தியார் நேர்மையானவர். இரண்டு விரல்களைக் கிட்டப் பிடித்துக் காட்டினார். "ஸ்மோல். வெரி ஸ்மோல். ஸ்மோல், ஸ்மோல், ஸ்மோல்."

யூலியானா கண்ணை மூடினாள். முடிந்தது. உண்மை, மூன்று தரம், அழுத்தி.

அலோசியஸின் சிரிப்புக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். அவர் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "கேட்டியளோ? அரண்மனையை வைச்சுக்கொண்டு ஸ்மோல் எண்டுறார்! மூண்டு தரம் சொல்லுறார்! என்ன பணிவு! றோபேட், இதை நீர் பழகவேணும்."

இப்போது கோரிஸ் கேட்டார். "யூ… பிக் மேன்?"

"பிக்!" என்றார் அலோசியஸ், நெஞ்சில் கை வைத்து. "வெரி பிக். பிரசிடென்ட்!"

கோரிஸ் வாத்தியார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். வறுமையிலும் மானத்தை விடாத மனிதன்! பிறகு தன் தோளிலிருந்த கைத்தறிச் சால்வையை எடுத்து அலோசியஸின் தோளில் போர்த்தினார். அவருடைய ஊரில் மதிப்புக்குரியவர்களுக்கு அப்படித்தான் செய்வார்கள். அலோசியஸ் பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போர்த்தினார். ஒருவருக்கொருவர் சொன்ன உண்மைகளை இருவரும் நம்பவில்லை. கூட்டம் கைதட்டியது.

ஆனால் பெட்டி இருந்தது.

அதை ஒரேத்தோவுக்குக் கொண்டுவந்து, கூடத்தின் நடுவில் வைத்து, எல்லோரும் சுற்றி நின்றார்கள். றோபேட் முன்வரிசை. கோரிஸ் கயிற்றை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். யூலியானாவின் கையில் இனிச் சொல்ல அணி எதுவுமில்லை. துணிக்கு மொழிபெயர்ப்புக் கிடையாது.

மூடி திறந்தது. சேட்டுகள். சாரங்கள். பிள்ளைகளின் காற்சட்டைகள்கூட. எல்லாம் உடுத்தவை, கழுத்துப்பட்டி தேய்ந்தவை, விளிம்பில் தையல் போட்டவை. எல்லாம் தோய்த்து, மடிப்புக் குலையாமல் மினுக்கி, நடுநடுவே ஏதோ வாசனை இலை வைத்திருந்தது.

அலோசியஸ் மேலே இருந்த சேட்டை இரண்டு விரலால் தூக்கினார். "இது… பழசெல்லோ?"

கோரிஸ் புன்னகையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யூலியானா வாயைத் திறக்கும் முன் குசினிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"என்னப்பா, இதுகூடத் தெரியாதே உங்களுக்கு?"

குசினி வாசலில் சறோஜா நின்றாள். கையைத் துடைத்தபடி வந்து சேட்டை வாங்கி, விரித்து, கணவனின் தோளில் வைத்து அளவு பார்த்தாள். "புதுசைக் கடையிலை ஆரும் வாங்கிக் குடுப்பினம். ராசாக்கள் தாங்கள் உடுத்ததைத்தான் எடுத்துக் குடுப்பினம். உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன், இவ்வளவு பேசுறியள்."

அலோசியஸின் நெஞ்சு மெல்ல மெல்ல உயர்ந்தது.

"தெரியாமலோ!" என்றார். "நீர் சொல்லுறீரோ எண்டு பாத்தனான்." கோட்டைக் கழற்றி றோபேட்டின் கையில் கொடுத்துவிட்டு, சேட்டை அங்கேயே போட்டுக்கொண்டார். கைப்பட்டி ஒரு சாண் குறைவு. அன்று முழுவதும் அதைக் கழற்றவில்லை.

கூடத்தில் உரை தொடங்கியது. கோரிஸ் ஒரு வசனத்துக்கு ஒரு தரம் கைதட்டினார். கலியாணம் அரண்மனையில்தான் என்றும், ஒன்றியத்திலிருந்து நாற்பது பேர் கொண்ட தூதுக்குழு போகும் என்றும் குசினிக்குள் கேட்டது. யூலியானா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா. உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வென்சியைக் கேட்டனான். நீ வாந்தி எடுத்த அண்டைக்குப் பின்னேரம்." சறோஜா சோற்றைக் கிளறினாள். "அந்தப் பெடியனுக்கு இத்தாலியன் அரைகுறை. அதாலை பொய் சொல்ல வராது."

"நாப்பது பேர் அம்மா! அங்கை போய்ப் பாத்தினமெண்டால்?"

"பாக்கட்டுமேன். அரண்மனை எங்கை எண்டு உன்ரை கொப்பர் கேப்பாரெண்டோ நினைக்கிறாய்? கேட்டால் தான் சொன்னது பொய்யாப்போயிடுமெல்லோ. அந்த வீட்டைக் கண்டவுடனை அவரே அதுக்குக் கோபுரம் வைச்சிடுவார்."

யூலியானாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. சறோஜா அவளைப் பார்க்காமலே, அகப்பையைப் பானை விளிம்பில் தட்டிவிட்டுக் கேட்டாள்:

"கூரை ஒழுகுமோ?"

"இல்லை அம்மா. தகரமாம். போன வருசம்தான் மாத்தினவையாம்."

"அது காணும்," என்றாள் சறோஜா. "அந்தப் பெரிய தட்டத்தை எடு."